டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸும் 40 டிகிரியும்: வாசகர் கேள்வி பதில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது பற்றி வந்த கேள்விகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால் இந்த முறை மொத்தமாகச் சேர்த்துப் போட்டுவிட்டோம்.

கேள்வி: சார், என் ஆட்டோமேட்டிக் கார் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலை நானே மாற்றலாம் என்று சர்வீஸ் மேனுவலைப் புரட்டினால், ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, அதுவும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும் என்கிறது. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கே கிடையாது. இன்ஜின் ஆயில் ஊற்றும்போது யாரும் தெர்மாமீட்டர் வைப்பதில்லையே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? வீட்டில் முடியுமா, இல்லை விட்டுவிடட்டுமா?

பதில்: முடியும். இன்ஜின் ஆயில் மாற்றிப் பழகியவர், காரைச் சமமாகத் தூக்கி நிறுத்த இடமும் சாமானும் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கெடுபிடிக்குக் காரணம், ஆயில் சூடானால் விரியும். ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஒரு டிகிரி ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் மில்லி கூடுகிறது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே 8 லிட்டர் இருந்து, அது 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 350 மில்லிக்குக் குறையாமல் கூடிவிடும். டிப்ஸ்டிக் உள்ள காரில் குளிர், சூடு என்று இரண்டு கோடு போட்டுச் சமாளித்துவிடுகிறார்கள். உங்கள் காரில் இருப்பதோ கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பானுக்குள் செங்குத்தாக நிற்கும், கீழே அளவு ப்ளக்கால் மூடிய ஒரு சின்னக் குழாய். ஆயில் அதன் வாய்க்கு மேலே இருந்தால் வழியும், கீழே இருந்தால் வழியாது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தக் குழாயின் உயரத்தை ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் அந்த வெப்பத்தில் பார்த்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

ஆயில் குளிர்ந்திருக்கும்போது பார்த்து மூடினால், ஓடிச் சூடானதும் அளவு மிஞ்சிவிடும். கொதிக்கக் கொதிக்கப் பார்த்து மூடினால், ஆறியதும் குறைந்துவிடும். மிஞ்சினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது, கூடுதல் ஆயில் காற்றுத் துளை வழியாக வெளியேயும் வரும். குறைந்தால் வளைவுகளிலும் பிரேக் போடும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் விழத் தாமதமாகும், கிளட்ச் வழுக்கிக் கருகும். என்னைக் கேட்டால் இரண்டில் குறைவதுதான் மோசம்.

ஆனால் ஒன்று, எல்லோரும் டிகிரிக்குத்தான் பயப்படுகிறார்கள். 3 டிகிரி தவறினால் அந்த 8 லிட்டரில் வித்தியாசம் 18 மில்லி, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய அளவில் தப்பு நடப்பது வேறு இடங்களில். இன்ஜினை அணைத்துவிட்டு அளவு ப்ளக்கைத் திறப்பது ஒன்று, காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அளவு பார்ப்பது இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது பம்ப் ஒரு பங்கு ஆயிலை டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), வால்வு பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பாகம்), கூலர் என்று மேலே ஏற்றி வைத்திருக்கிறது. அணைத்ததும் அதில் ஒரு பகுதி பானுக்கு இறங்கி மட்டம் உயரும். அந்த நேரத்தில் திறந்தால் தேவையான ஆயிலே வழிந்து கொட்டும், நீங்கள் "அடடா, அதிகம் ஊற்றிவிட்டோம்" என்று நினைத்து வேடிக்கை பார்ப்பீர்கள், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பெட்டி பட்டினி.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கழற்ற வேண்டியது வடிக்கும் ப்ளக் இல்லை, நிரப்பும் ப்ளக். பல கார்களில் அது துருப்பிடித்து, எட்டாத இடத்தில் இருக்கும். ஆயிலை எல்லாம் வடித்த பிறகு அது அசையவில்லை என்றால், கார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். காரை நான்கு பக்கமும் ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. வடித்த பழைய ஆயிலை அளவுக்கோடு போட்ட பாட்டில்களில் ஊற்றி, ஆறிய பிறகு அளந்து எழுதி வையுங்கள். கசிவு எதுவும் இல்லாத வண்டி என்றால் அதே அளவு புதிய ஆயிலை ஊற்றினாலே பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி வைத்து மீண்டும் பார்க்கிங்குக்கு வாருங்கள். சக்கரங்கள் அந்தரத்தில் இருப்பதால் பிரேக்கை விட்டால் சுற்றும், அந்த நேரத்தில் அடியில் யாரும் இருக்கக்கூடாது. இதில் காலியாக இருந்த வழிகளெல்லாம் நிரம்பும்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், வெப்பம் வரம்பின் கீழ் எல்லையைத் தொட்டதும் அளவு ப்ளக்கைத் திறங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் நிரப்பும் துளையில் ஆயில் விட்டுக்கொண்டே வாருங்கள், வழியும்வரை. தடித்த தாரையாகக் கொட்டினால் அப்படியே வழியவிடுங்கள். தாரை மெலிந்து, விட்டு விட்டு வந்து, சொட்டாக மாறும். அந்தச் சொட்டு நிலையில் புது வாஷர் போட்டு மூடுங்கள். முழுக்க நிற்கும்வரை காத்திருந்தால் அதற்குள் ஆயில் இன்னும் சூடாகி, இன்னும் விரிந்து, சொட்டிக்கொண்டேதான் இருக்கும். இறுக்கும்போது மேனுவல் சொல்லும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள், அலுமினிய மரை போய்விட்டால் பான் செலவு. மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகைக் குழாயும் கை படும் தூரத்தில்தான் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

உங்கள் மேனுவலில் உள்ள வரம்பை மட்டும் பாருங்கள், நண்பர் காரின் கணக்கு உங்களுக்கு ஆகாது. இசட்எஃப் நிறுவனத்தின் 6 கியர், 8 கியர் பெட்டிகள் போட்ட பல பிஎம்டபிள்யூ கார்களில் 30 முதல் 50 என்று கொஞ்சம் தாராளம். மெர்சிடிஸின் 7 கியர் பெட்டியில் 45 டிகிரி வட்டாரம். ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் பெட்டியில், கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஈர வகை என்றால், 35 முதல் 45. இந்தக் கடைசி இரண்டிலும் ஆயிலை மேலிருந்து ஊற்றுவது கிடையாது, கீழே உள்ள துளையிலேயே ஒரு அடாப்டரை மாட்டி பம்ப் வைத்து ஏற்ற வேண்டும், அந்த அடாப்டர் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இன்ஃப்ராரெட் துப்பாக்கி தெர்மாமீட்டர் இருக்கிறது, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் ப்ளூடூத் கருவியும் இருக்கிறது. எதை நம்பலாம்?

பதில்: இரண்டாவதை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. செல்போன் ஆப்பில் வெப்பநிலை என்று ஒன்று தெரிந்ததும் பலர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், அது இன்ஜின் கூலன்ட் வெப்பம். கூலன்ட் வெப்பம் பொதுப் பட்டியலில் இருப்பதால் எந்த ஆப்பும் காட்டும். கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டில் வைத்திருக்கிறது, உங்கள் காருக்கான அந்தக் குறியீடு ஆப்பில் இருக்க வேண்டும். சரியானதுதானா என்று பார்க்க ஒரு வழி: இரவு முழுக்க நின்ற காரில் காலையில் இரண்டு எண்ணையும் திரையில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்ட் சில நிமிடங்களில் கிடுகிடுவென்று ஏறும், கியர்பாக்ஸ் எண் பின்னால் மெதுவாக நகரும். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறினால் நீங்கள் பார்ப்பது இரண்டுமே கூலன்ட்தான். கூலன்ட் 40 காட்டும்போது ஆயில் 25-ல் இருக்கலாம், அப்போது அளவு பார்த்தால் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள்.

துப்பாக்கியில் சிக்கல் என்னவென்றால் அது பானின் வெளித்தோலைத்தான் அளக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், அதற்கு ஒரு கருப்பு டேப் துண்டை ஒட்டி அதன் மேல் அளக்கலாம். சில பெட்டிகளில் பான் பிளாஸ்டிக், உள்ளே சூடு ஏறினாலும் வெளியே தெரிய நேரம் பிடிக்கும். வேறு வழியே இல்லையென்றால், ப்ளக்கைத் திறந்ததும் வழியும் ஆயிலிலேயே கம்பி முனை தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள், துப்பாக்கியைவிட அது மேல். சில டொயோட்டா கார்களில் எந்தக் கருவியும் வேண்டாம். கண்டறியும் போர்ட்டில் மேனுவல் சொல்லும் இரண்டு முனைகளை இணைத்து, லீவரை அது சொல்லும் வரிசையில் நகர்த்தினால், டிரைவ் விளக்கே வெப்பமானி ஆகிவிடும். எரிந்தால் சரியான வரம்பு, அணைந்திருந்தால் இன்னும் குளிர், சிமிட்டினால் தாண்டிவிட்டது.

கேள்வி: வடிப்பதற்காக ப்ளக்கைத் திறந்தேன், 1 லிட்டர்கூட வரவில்லை, நின்றுவிட்டது. பெட்டியில் ஆயிலே இல்லாமல்தான் இத்தனை நாள் ஓட்டினேனா?

பதில்: பதறாதீர்கள். நீங்கள் திறந்தது அளவு ப்ளக்காக இருக்கும். அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவில் ஆறுமூலை வடிவ ஓட்டை தெரியும், அதுதான் மேலே சொன்ன செங்குத்துக் குழாய். அதன் வாய்க்கு மேலிருந்த ஆயில் மட்டும் வந்திருக்கிறது, மிச்சம் பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது. ஆலன் கீயால், பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், அந்தக் குழாயையும் கழற்றினால்தான் பான் காலியாகும். திரும்ப மாட்ட மறக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழாய் இல்லாமல் ப்ளக்கை மட்டும் போட்டாலும் கசியாது, அளவு பார்க்கத் திறக்கும்போதுதான் மொத்த ஆயிலும் முகத்தில் இறங்கும்.

இன்னொன்று, பானை முழுக்க வடித்தாலும் மொத்த ஆயிலில் பாதிக்கு அருகில்தான் வெளியே வரும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். பழைய ஆயில் ரொம்பக் கருத்திருந்தால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை வடித்து நிரப்புங்கள். பானைக் கழற்றினால் உள்ளே உள்ள காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல மென்மையான படிவு இருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்துகிற மின்னும் சில்லுகள் இருந்தால் ஆயில் மாற்றித் தீருகிற விஷயம் இல்லை அது.

கேள்வி: ஆயில் விட்டுக்கொண்டிருக்கும்போதே 52 டிகிரி ஆகிவிட்டது. பானில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாமா?

பதில்: வேண்டாம். பான் குளிரும், உள்ளே ஆயில் ஒரு வெப்பம், சென்சார் ஒரு வெப்பம் என்று குழப்பம்தான் மிஞ்சும். ப்ளக்குகளை மூடி, இன்ஜினை அணைத்து, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். கராஜிலேயே 34, 35 டிகிரி என்றால் ஸ்டார்ட் செய்ததுமே வரம்பின் வாசலில் நிற்கிறீர்கள், புனல், குழாய், புது வாஷர் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விடிகாலையில் செய்வது நல்லது. முதல் நாள் மாலையே வடித்து, பழைய அளவுக்குப் புது ஆயிலை ஊற்றி வைத்துவிட்டு, காலையில் அளவு பார்ப்பதை மட்டும் செய்தால் அவசரமே இருக்காது.

கேள்வி: என்னுடையது பழைய கார், டிப்ஸ்டிக் இருக்கிறது. எனக்கும் இந்த டிகிரிக் கணக்கு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் கோடே பார்த்துக்கொள்ளும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, ஆயில் 70, 80 டிகிரியில் இருக்கும்போது சூடு என்ற கோட்டைப் பாருங்கள். குளிர் கோடு ஊற்றும்போது தோராயத்துக்கு மட்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், டிப்ஸ்டிக் வைத்த ஹோண்டாக்களில் மட்டும் தலைகீழ்: சூடான இன்ஜினை அணைத்துவிட்டு 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்வார்கள்.

கேள்வி: "வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்" என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறதே?

பதில்: யாருடைய வாழ்நாள் என்று அதில் போடவில்லை பாருங்கள். கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில், மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பேச்சைக் கேட்பேன்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிற ஆயிலை ஊற்றலாமா?

பதில்: டப்பாவில் உங்கள் காரின் குறியீடு, அதாவது டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூஎஸ், மெர்கான் எல்வி என்று எது தேவையோ அது, தெளிவாக எழுதியிருந்தால் யோசிக்கலாம். உரசல் தன்மையும் கெட்டித்தன்மையும் ஒன்றுக்கொன்று வேறு. சிவிடி பெட்டியில், அதாவது கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெட்டியில், சாதாரண ஏடிஎஃப்பை ஊற்றவே கூடாது, அங்கே பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பிடிக்கத் தனி ஆயில்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் கியர் மாறும்போது லேசாக உதைக்கிறது.

பதில்: கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்கும் தேய்ந்த கிளட்சுக்கும் ஏற்ப அழுத்தத்தைப் பழக்கி வைத்திருக்கும், புது ஆயிலில் கொஞ்ச தூரம் ஓடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் ஸ்கேனரில் அந்தப் பழக்கத்தை அழித்து மறுபடி கற்றுக்கொள்ள வைக்கலாம். ஆனால் டிரைவில் போட்டு இரண்டு, மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது, அல்லது வளைவில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி இழுக்கவில்லை என்றால் அது வேறு கதை, ஆயில் குறைவு. ஓட்டிப் பார்த்துச் சரியாகும் என்று காத்திருக்காமல் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மேலே சொன்ன மாதிரி அளவை மறுபடி பாருங்கள்.