அரிப்பு ஆராய்ச்சியில் சேரும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "மகள் மெக்கானிக்கல் முடித்திருக்கிறாள், நல்ல மதிப்பெண். கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டார்கள். இவள் உலோகத்தின் மேல் மணலை வீசி எவ்வளவு தேய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் சேரப்போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா, சார்?"

இருக்கிறது. மணலோ நீரோ மோதி உலோகம் தேய்வதைத்தான் அரிப்பு (erosion) என்கிறோம். ஆனால் வேலை அந்தப் பெயரில் இருக்காது. வேலை விளம்பரங்களில் "அரிப்பு ஆராய்ச்சியாளர் தேவை" என்று தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது, உங்கள் கவலைதான் கூடும். மெட்டீரியல்ஸ் இன்ஜினியர், கோட்டிங் இன்ஜினியர், ஃபெயிலியர் அனாலிசிஸ், இன்டெக்ரிட்டி, இன்ஸ்பெக்‌ஷன், ரிலையபிலிட்டி என்று தேடிப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு, மின் உற்பத்தி, விமான இன்ஜின், சுரங்கம், காற்றாலை என எல்லாத் துறைகளிலும் இந்தப் பதவிகள் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் பார்ப்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தப் பாகம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?

அந்தக் கேள்வியின் கனம் தெரிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2004 ஆகஸ்டில் ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில், அணு உலைக்குச் சம்பந்தமில்லாத பகுதியில், வெந்நீர் போகும் ஒரு குழாய் வெடித்தது. நீராவியில் வெந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். புதிதாக இருந்தபோது அந்தக் குழாயின் சுவர் 10 மில்லிமீட்டர் தடிமன். உடைந்த இடத்தில் மிஞ்சியிருந்தது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகமாக ஓடும் வெந்நீர், இரும்பைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துக்கொண்டே இருந்தது. 1976 முதல் ஓடிய குழாய் அது. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் விடுபட்டிருந்ததால், அத்தனை வருடமும் யாரும் அதன் தடிமனை அளக்கவில்லை. அல்ட்ராசோனிக் கருவியை வெளியே வைத்தால் நிமிடங்களில் தெரிந்திருக்கும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் அங்கே தேவைப்பட்டார். உங்கள் மகள் கற்கப்போவது அதைத்தான்.

இன்னொன்று. 1982-ல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. விமானிகள் கீழே இறக்கி மறுபடி இன்ஜின்களை ஓட்டினார்கள். ஆனால் தரையிறங்கும்போது முன்கண்ணாடி வழியே சரியாகப் பார்க்க முடியவில்லை, சாம்பல் துகள்கள் அதைத் தேய்த்து மங்கலாக்கிவிட்டிருந்தன. இமயமலை ஆறுகளில் ஓடும் நீர்மின் டர்பைன்களில் இதே கதை மெதுவாக நடக்கிறது. தண்ணீரோடு வரும் குவார்ட்ஸ் மணல் எஃகைவிடக் கடினம், பருவமழைக் காலத்தில் டர்பைன் சக்கரத்தின் விளிம்புகளைத் தின்றுவிடும். காற்றாலை இறக்கையின் நுனி நொடிக்கு 80, 90 மீட்டர் வேகத்தில் சுற்றுவதால் வெறும் மழைத்துளியே அதன் முன்விளிம்பைப் பிய்த்துவிடுகிறது. இந்தக் கடைசிப் பிரச்சினைக்கு மட்டும் பன்னாட்டு எரிசக்தி முகமையின் காற்றாற்றல் திட்டத்தில் தனிப் பணிக்குழுவே அமைத்தார்கள்.

பொருளாதாரக் கணக்கும் உண்டு. உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் சுமார் 23 சதவீதம் உராய்வுக்கும் தேய்மானத்துக்கும் போகிறது என்று ஹோல்ம்பெர்க், எர்டெமிர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2017-ல் மதிப்பிட்டார்கள். அந்த 23-ல் 20 உராய்வைச் சமாளிக்க, மீதி 3 தேய்ந்த பாகங்களைத் திரும்பச் செய்ய. துருவும் வேதி அரிமானமும் இதில் சேரவில்லை, அதற்குத் தனிக்கணக்கு. இயந்திரம் ஓடும்வரை இந்தச் செலவு இருக்கும் என்பதால், இந்தத் துறை ஒரே இரவில் காலியாகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

என் கவலை வேறு இடத்தில். துறைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கும் பெற்றோர், பிள்ளையின் சுபாவம் இதற்குப் பொருந்துமா என்று கேட்பதே இல்லை. ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துகள் அரிப்புக்கு உலகெங்கும் புழங்கும் ஒரு சோதனை முறை ஏஎஸ்டிஎம் ஜி76. 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு சிறிய குழல். அதன் வழியே காற்றோடு 50 மைக்ரான் அளவுள்ள கூர்மையான அலுமினாத் துகள்கள், நிமிடத்துக்கு 2 கிராம், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்த உலோகத் துண்டின் மேல் மோதும். சில நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். துண்டை எடுத்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, மில்லிகிராமின் சிறு பங்கையும் காட்டும் தராசில் எடை பார்க்க வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி மாட்டி ஓட்ட வேண்டும். எடை இழப்பை வரைபடத்தில் குறித்தால் வரும் கோடு நேராகும்வரை இதையே செய்ய வேண்டும். அப்புறம் துகள் மோதும் கோணத்தை மாற்றி முதலிலிருந்து.

மென்மையான உலோகத்தில் நேர்க்குத்தாக அடித்தால் முதல் சில அளவுகளில் எடை குறைவதற்குப் பதில் கூடலாம். தராசு கெட்டுவிட்டது என்று புது மாணவர்கள் பதறுவார்கள். துகள்கள் உலோகத்துக்குள் குத்தி நின்றுவிடுவதுதான் காரணம். அந்த இடத்தில் "ஏன் கூடியது?" என்று மைக்ரோஸ்கோப்பை நோக்கி ஓடுகிற பிள்ளைக்கு இந்தத் துறை பிடித்துப்போகும். "இன்னும் எத்தனை சாம்பிள் இருக்கு?" என்று சலிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் வருடம் தாங்காது. சலிப்பது குற்றமில்லை, அந்தச் சுபாவத்துக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. சேர்வதற்கு முன்னால் அது தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

ஆர்வம் உள்ளவர்களை இந்தத் துறை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு நியாயமான காரணம் உண்டு. இங்கே பொதுப்புத்தி பல இடங்களில் தோற்கும். எஃகு, அலுமினியம் போன்ற வளையக்கூடிய உலோகங்கள், துகள் சாய்வாக, 20 முதல் 30 டிகிரி கோணத்தில் உரசிப்போகும்போதுதான் மிக அதிகமாகத் தேயும். கண்ணாடி, செராமிக் போன்றவை நேராக மோதும்போது அதிகம் உடையும். கடினமான பொருள் என்றால் நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. மணல் கலந்த குழம்பு ஓடும் குழாய்களில் உள்ளே ரப்பர் பூசினால், துகளின் அடியை வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டு ரப்பர் நிற்கும். வேகம் இரட்டிப்பானால் தேய்மானம் இரட்டிப்பாகும் என்றுதான் தோன்றும். உலோகங்களில் அது பெரும்பாலும் நாலு முதல் எட்டு மடங்கு வரை ஏறும். ஆகவே ஒரு குழாயின் விட்டத்தைச் சற்றே கூட்டி ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தால், விலையுயர்ந்த பூச்சு செய்யாத வேலையை அது செய்துவிடக்கூடும். இப்படி யோசிக்கப் பழகியவரை நிறுவனங்கள் விடுவதில்லை.

ஆய்வுத் தலைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். கொடுக்கப்படும் தலைப்பு நாளை எத்தனை வாசலைத் திறக்கும் என்று பாருங்கள். ஹெச்விஓஎஃப் முறையில், அதாவது தூளை அதிவேகச் சுடரில் வீசி, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பூசி அதன் அரிப்பைச் சோதிக்கும் தலைப்பு என்றால், பூச்சுத் தொழில், டர்பைன், பம்ப், வால்வு எல்லாவற்றுக்கும் அந்த அனுபவம் செல்லும். அரிப்பும் வேதி அரிமானமும் சேர்ந்து நடப்பதை ஆராயும் தலைப்பு சிரமமானது, ஆனால் எண்ணெய், எரிவாயுத் துறையில் அதற்கு மதிப்பு அதிகம். இரண்டும் சேரும்போது இழப்பு, தனித்தனி இழப்புகளின் கூட்டுத்தொகையைத் தாண்டிவிடும். ஓடும் நீரில் தோன்றும் ஆவிக் குமிழிகள் சட்டென நொறுங்குவதால் வரும் அரிப்பு, அதாவது கேவிட்டேஷன், கப்பல் உந்தி, பம்ப், அணைக்கட்டு வரை நீளும். 1983-ல் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையில், வெள்ளநீரை வெளியேற்றும் சுரங்கத்தின் கான்கிரீட்டை அது பிய்த்து, அடியில் இருந்த பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்தது. பிற்பாடு ஓடும் தண்ணீரோடு காற்று கலக்கும்படி சுரங்கத்தில் பள்ளம் அமைத்துச் சரிசெய்தார்கள். கூடுதல் கான்கிரீட்டை நம்பாமல் காற்றை உள்ளே விட்ட அந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்குத் தயக்கம் தரும் தலைப்பு ஒன்றுதான்: முழுக்க முழுக்கக் கணினி சிமுலேஷன். சிஎஃப்டி, அதாவது திரவ, வாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை, கற்றுக்கொள்வது அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரிப்பைக் கணிக்கும் சமன்பாடுகளில் உள்ள மாறிலிகள் சோதனையிலிருந்து வந்தவை. வேறு துகள், வேறு உலோகம் என்றால் அவை அப்படியே பொருந்தாது. சோதனைக் கருவி கையெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் வெறும் வண்ணப் படங்களோடு பட்டம் வாங்கினால், நேர்காணலில் "இதை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவாள். பாதி சோதனை, பாதி கணக்கு என்று இருந்தால் தாராளமாகச் சேரலாம்.

வழிகாட்டியிடம் மகளே நேரில் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். அரிப்புச் சோதனைக் கருவி இப்போது ஓடும் நிலையில் இருக்கிறதா, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், துகளின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத ஆய்வகம் என்றால் யோசிக்க வேண்டும். வேகத்தில் சிறு பிழை இருந்தாலும் முடிவில் பெரிய பிழையாக வந்து நிற்கும் என்பதை மேலே சொன்ன கணக்கிலேயே பார்த்தீர்கள். முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம், நல்ல வழிகாட்டி மகிழ்ச்சியாகச் சொல்வார். திட்டத்துக்கு ஒரு நிறுவனம் பணம் தருகிறது என்றால், முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்க வேண்டும். மூன்று வருட உழைப்பு ரகசிய ஒப்பந்தத்துக்குள் போய்விட்டால் வெளியே காட்ட ஒன்றுமிருக்காது.

தூசி பற்றியும் கேளுங்கள். நுண்ணிய சிலிக்கா மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், அந்தச் சேதம் திரும்பாது. தூசி உறிஞ்சும் அமைப்பு, மூடிய சோதனைப் பெட்டி, சரியான முகக்கவசம் மூன்றும் இருக்கின்றனவா என்று மகள் தன் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். இதில் மட்டும் சமாதானம் சொன்னால் ஏற்க வேண்டாம்.

முதுகலையோடு நிறுத்தலாமா, முனைவர் பட்டம் வரை போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்ஸ்பெக்‌ஷன், இன்டெக்ரிட்டி பக்கம் போக ஆசை என்றால் முதுகலை போதும். வேலையில் சேர்ந்தபின், தகுதிக்கு வேண்டிய அனுபவம் சேரச் சேர, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 571, ஏபிஐ 580 போன்ற சான்றிதழ்த் தேர்வுகளை எழுதலாம். வேதி அரிமானத்துக்கும் பூச்சுகளுக்கும் ஏஎம்பிபி என்ற அமைப்பு சான்றிதழ் தருகிறது. நேஸ், எஸ்எஸ்பிசி என்ற இரு பழைய அமைப்புகள் 2021-ல் இணைந்து உருவானது அது. புதிய பொருள்கள், புதிய பூச்சுகள் உருவாக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போக வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும். சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் சில வருடங்களில் சாஃப்ட்வேருக்குப் போன தோழிகள் முன்னால் இருப்பார்கள். அதை மறைத்து உங்களிடம் பேச விரும்பவில்லை. வீட்டுக்கு உடனடி வருமானம் தேவை என்றால் அதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழியைச் சேர்ந்து யோசியுங்கள். அப்படித் தேவையில்லை என்றால் இரண்டு வருட வித்தியாசத்துக்காக அவளை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, சேர்ந்த முதல் மாதத்தில் கருவியைத் தொடுவதற்கு முன், உடைந்த, தேய்ந்த உண்மையான பாகங்களைத் தேடிப் போய்ப் பார். பம்ப் இம்பெல்லர், வால்வு இருக்கை, குழாய் வளைவு, எது கிடைத்தாலும் சரி. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பளபளப்பாகவா, குழிகுழியாகவா, அலை அலையாகவா என்று பார்த்து வரைந்து வை. கேவிட்டேஷன் விட்ட தடம் கடற்பஞ்சு மாதிரி இருக்கும், மணல் விட்ட தடம் ஓட்டத்தின் திசையில் கோடு கோடாக இருக்கும். இந்தக் கண் வந்துவிட்டால் ஆய்வகத்தில் நீ எடுக்கும் ஒவ்வொரு எடைக்கும் அர்த்தம் தெரியும். கூடவே பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள், அளவுகளில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணக்கிடும் புள்ளியியலை நன்றாகவே கற்றுக்கொள். பலர் இதைத் தள்ளிப்போட்டு, ஆய்வேடு எழுதும் நேரத்தில் தவிக்கிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சேர்க்கைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மகள் அந்த ஆய்வகத்தில் ஒரு முழு நாள் இருந்து, மூத்த மாணவர் ஒருவர் சோதனை ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்கட்டும். மேலே சொன்ன கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களையும் உதவித்தொகைக் கடிதத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். எத்தனை வருடத்துக்கு உதவித்தொகை, காலம் நீண்டால் யார் தருவார்கள் என்ற வரியைச் சேர்ந்து படித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம்.