ஏரிக் காற்றா, கடல் காற்றா?

கேள்வி: நான் பிறந்தது பழவேற்காடு, வாக்கப்பட்டது சத்தியவேடு. சித்திரை வெயிலில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே காற்று திரும்பிவிடும். இங்கே விளக்கு வைக்கும்வரை அனல்தான். பழவேற்காட்டுக் குளிர்ச்சிக்கு ஏரிதான் காரணம் என்கிறார் மாமனார். சரியா ஐயா?
- ஒரு வாசகி, சத்தியவேடு

பதில்: இல்லை அம்மா. அந்தக் குளிர்ச்சி கடல் கொடுப்பது.

பொன்னேரிப் பக்கம் புவியியல் வாத்தியாராக இருந்தபோது, பங்குனியில் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போவேன். செருப்பைக் கழற்றி மணலில் நில்லுங்கள் என்றால், கால் பட்டதும் அலையைப் பார்த்து ஓடுவார்கள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும். ஒரு கிலோ மணலை 1 டிகிரி சூடாக்கும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய 5 மடங்கு ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். போதாததற்கு, வாங்கிய சூட்டை அலை ஆழத்துக்குக் கலக்கிவிடுகிறது. தரை காய்ந்து அதன்மேல் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து கொண்டல் என்னும் கிழக்குக் காற்று நுழைகிறது. இரவில் தரைதான் முதலில் ஆறும். காற்றும் கடலை நோக்கித் திரும்பும். பாய்மரக் காலத்தில் விடியுமுன் கடலுக்குப் போனவர்களுக்கு அதுதான் துணை.

சத்தியவேட்டுக்கு வர அந்தக் கொண்டல் 30 கி.மீ.க்கு மேல் காய்ந்த நிலத்தைத் தாண்ட வேண்டும். எதிரே மேலைக்காற்று மறிக்கும். வந்து சேர்வதற்குள் அதுவே சூடேறிவிடுகிறது. ஆனால் இரண்டும் முட்டும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் கட்டும். கோடையில் உங்கள் ஊரில் சாயங்காலம் திடீரென்று கொட்டும் மழையில் கடலுக்கும் பங்குண்டு.

ஏரி விஷயம் வேறு. பரப்பில் இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி என்றாலும், சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சீக்கிரம் சூடாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டும்போது ஏரியின் உப்பு இறங்கும். கோடையில் அலைகள் கரையோரமாக வடக்கே தள்ளும் மணலில் முகத்துவாரம் தூர்ந்துபோகும். கடல்நீர் வராது; வெயில் குடிக்கக் குடிக்க உப்பு மட்டும் தங்கும். அப்போது ஏரித் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கடலிலிருந்து உள்ளே வர வழியிருக்காது. எனக்கு அனலைவிட இதுதான் பெரிய கவலை.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.