பெயர் வேண்டாம், இலையைக் காட்டுங்கள்: சாமந்திக் குடும்பம் கேள்வி பதில்

இந்த முறை சாமந்திக் குடும்பம் மட்டும். சாமந்தி, செண்டுமல்லி, ஜினியா, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி, மரிக்கொழுந்து, சீனித்துளசி (ஸ்டீவியா) எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஊரே திட்டும் பார்த்தீனியமும் இந்த வீடுதான். செண்டுமல்லியில் ஓர் 'இதழை' அடியோடு பிடுங்கிப் பாருங்கள், கீழே கறுப்பாக ஒரு விதை ஒட்டிக்கொண்டு வரும். நாம் இதழ் என்பது ஒரு முழுப் பூ. நாம் பூ என்பது ஒரு கூட்டம்.

சேலம் வாசகி: ஆடியில் வைத்த சாமந்தி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. தை வந்தும் மொட்டே இல்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தை ஓரமாக வையுங்கள். இரவில் செடிக்கு மேல் என்ன எரிகிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் தெருவிளக்கு கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

சாமந்தி இரவின் நீளத்தை அளக்கும் செடி. தொடர்ச்சியாக நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு கட்டும். நடுவில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலே கணக்கு கலைந்துவிடும். 'இன்னும் கோடைதான்' என்று இலையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள்: பூவைத் தள்ளிப்போட இரவில் பல்பு எரிப்பார்கள், சீக்கிரம் வேண்டுமென்றால் சாயங்காலமே கறுப்புத் துணி போர்த்துவார்கள்.

தொட்டி என்றால் விளக்கு படாத பக்கம் நகர்த்துங்கள். முடியாவிட்டால் மாலை ஆறு மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை எட்டுக்கு எடுங்கள். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தால் நுனியில் பட்டாணி போல மொட்டு தெரியும். ஒருநாள் மறந்தாலும் கேடு என்பதால், பெட்டியைவிட இடமாற்றமே நல்லது.

இன்னொன்று. நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளியிருந்தால் இடுப்பளவு போயிருக்காது, பக்கக் கிளை விட்டிருக்கும். அப்புறம், சாயங்காலத்தில் தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை ஈரத்தோடு இரவைக் கழித்தால் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன்.

மதுரை: சூரியகாந்தி சூரியனைப் பார்த்துத் திரும்பவில்லை. செடியில் குறையா?

குறை இல்லை. திரும்புவது இளஞ்செடியும் மொட்டும்தான். மலர்ந்து முற்றிய தலை கிழக்கு பார்த்து நின்றுவிடும்.

கோவை: கடையில் தொட்டியோடு வாங்கிய குட்டைச் சாமந்தி பூ முடிந்ததும் காய்ந்துவிட்டது. ஏன்?

அந்தத் தொட்டியில் இருப்பது ஒரு செடி அல்ல, நான்கைந்து துண்டுகளை நெருக்கி நட்டது. மண்ணும் அல்ல, தேங்காய் நார்க்கழிவு. ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரைப் பிடிக்காமல் ஓரமாக வழிய விடும். பூ முடிந்ததும் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்று வரும், அதைப் பிரித்துச் செம்மண், மட்கிய எரு, மணல் கலவையில் நடுங்கள். அடுத்த தடவை உயரமாக வளர்ந்தால் வேறு செடி வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். விற்பனைக்காக வளர்ச்சியை அடக்கும் மருந்து அடித்திருப்பார்கள், அதன் வேகம் தீர்ந்தால் சொந்த உயரத்துக்குப் போய்விடும். தலையில் தண்ணீர் வேண்டாம்.

தேனி: தக்காளித் தொட்டியில் ஒரு செண்டுமல்லி வைத்தால் நூற்புழு வராதா?

ஒன்று வைத்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். நூற்புழு என்பது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு, செண்டுமல்லி வேரில் அதை ஒடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அந்த மண் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதன் பிறகு தக்காளி போட்டால்தான் பலன் தெரியும். காய்ப்புழுவுக்கு வைப்பது வேறு கணக்கு. அதற்கு 40 முதல் 45 நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில், 16 வரிசைக்கு ஒரு வரிசை என்று நடுவார்கள். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும், காய்ப்புழுவின் தாயான அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும். வயது பொருந்தவில்லை என்றால் வேலை வீண்.

தஞ்சாவூர்: நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி வாங்கி ஒரு வருடமாகக் கீரையாகச் சமைக்கிறோம். செழிப்பாகப் படர்கிறது. படம் இணைத்துள்ளேன்.

படத்தில் பூ மட்டும் இருக்கிறது. இலையைக் காட்டுங்கள். செழிப்பு என்கிறீர்களே, அதுதான் சந்தேகம்.

வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணியில் குழப்பம் குறைவு. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வருவது, இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். விதை போடுபவர்கள் மண்ணைப் போட்டு மூடாதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். மஞ்சள் பூவுடையது வேறு செடி. பொற்றலைக் கையாந்தகரை என்று பழைய பெயர், பொன் தலை. அதன் இலை ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக, ஓரம் அநேகமாக வெட்டில்லாமல் இருக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு. பூங்காவிலும் சாலை நடுத்திட்டிலும் தரை மூட வைக்கும், பளபளப்பான இலையுள்ள அமெரிக்கப் படர்கொடி. இலை அகலம், நடுவில் இரு பக்கமும் காது போல நீட்டி, மூன்று மடலாகத் தெரியும். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கும் செடி இது. இதைத்தான் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பல இடங்களில் விற்கிறார்கள். நானும் ஏமாந்தவன். இரண்டு வருடம் பொரியல் செய்து சாப்பிட்டேன், ஒரு பழைய மாணவி வந்து இலையைத் திருப்பிக் காட்டும் வரை. தாவரவியல் வாத்தியாருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் வாசகர் இடையில்: வள்ளலார் சொன்னதே மஞ்சள்தான் ஐயா. குறை சொல்லாதீர்கள்.

கரிசலாங்கண்ணியை உணவில் சேர்க்கச் சொன்னார், மறுக்கவில்லை. வெள்ளையா மஞ்சளா என்ற வழக்கை இன்று எடுக்கவில்லை. தஞ்சாவூர்த் தொட்டியில் இருப்பது இரண்டுமே இல்லையோ என்பதுதான் என் கேள்வி.

திருநெல்வேலி: எங்கள் தாத்தா வைத்தியர். பூங்காவில் படர்ந்திருப்பதைத்தான் பறிப்பார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

தாத்தாவை மதிக்கிறேன் தம்பி. விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரு செடிக்கு எழுதிய குணத்தை அதே நிறத்தில் பூக்கிற இன்னொன்றின் தலையில் ஏற்றக்கூடாது என்கிறேன். பூங்காவில் என்ன மருந்து அடிக்கிறார்கள், எந்த நாய் எங்கே நின்றது, அதையும் சேர்த்துப் பாருங்கள். சாக்கடை ஓரத்தில் பறிப்பவர்களுக்கும் இதுதான்.

ஈரோடு: கடையில் வாங்கிய தொட்டிச் சாமந்தி வாடுகிறது...

கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கரூர்: மஞ்சள் காமாலைக்குக் கரிசலாங்கண்ணிச் சாறு எத்தனை மில்லி?

அளவு சொல்ல மாட்டேன். கண் மஞ்சளாக இருந்தால் இன்றே மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். செடி வளர்க்க மட்டும் என்னைக் கேளுங்கள்.

நாமக்கல்: சீனித்துளசி விதை முளைக்கவே இல்லை.

பெரும்பாலும் முளைக்காது. நுனித் துண்டு வாங்கி நடுங்கள். பூக்குமுன் இலையைப் பறித்துவிட வேண்டும், பூத்தால் இனிப்பு குறையும். பெயரில் துளசி இருந்தாலும் துளசிக்கு உறவில்லை.

விழுப்புரம்: ரோஜாவில் கரும்புள்ளி...

ரோஜா என் வீடு இல்லை.

ஓசூர்: மரிக்கொழுந்து காலி மனையில் தானாக முளைத்திருக்கிறது, பறிக்கலாமா?

கசக்காதீர்கள்! வாசனை இல்லாமல், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பார்த்தீனியம். தொட்டாலே சிலருக்குத் தோல் தடித்துவிடும். மரிக்கொழுந்து பனிக்காலப் பயிர், விதைத்து வளர்ப்பது. காலி மனையில் நமக்காகக் காத்திருக்காது.

திருச்சி: தொட்டிச் சாமந்தி...

கோவை. கோவை. கோவை.

தஞ்சாவூர் மறுபடி: இலையைப் பார்த்தேன் ஐயா. பளபளவென்று, காது காதாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டேன்.

குப்பைமேட்டிலா? அது கணுவுக்குக் கணு வேர் விடும் அம்மா. போய் எடுத்து, வெயிலில் தரையில் படாமல் சருகாகும் வரை காயப்போடுங்கள். மழை வருவதற்குள்.