ஆடிவிட்டால் உறவாகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

டொரன்டோவில் வசிக்கிறேன். போன மாதம் அலுவலக விருந்தில் ஒரு தமிழ்க் குத்துப் பாட்டைப் போட்டேன். எத்தியோப்பியாக்காரர், பிரேசில்காரர், கொரியப் பெண் என்று எல்லாரும் எழுந்து ஆடினார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. இசைக்கு மொழியே வேண்டாம், அது உலகத்தையே இணைத்துவிடும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். உடுப்பி கோயிலுக்குள் விடாமல் வாசலில் நிறுத்தப்பட்ட, கர்நாடக சங்கீதம் பாடும் அமெரிக்கர் ஹிக்கின்ஸ் பாகவதர் பாடியதும் கதவு திறந்ததாகச் சொல்வார்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் மேற்கத்திய வயலின் படிக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், கர்நாடக வயலினும் சேர்த்துப் படிக்கட்டும் என்கிறார். இரண்டும் சேர்ந்தால் குழந்தை குழம்பிப்போவாளா?

எம்., டொரன்டோ

அன்புள்ள எம்.,

ஒரு வாரமாக, கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது. மகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் உங்களோடு ஒரு சண்டை.

விருந்தில் எல்லாரும் ஆடினார்கள், சந்தோஷம். குத்துப் பாட்டுக்கு உடம்பு ஆட மனிதனாகப் பிறந்திருந்தால் போதும், இரண்டு பெக் உள்ளே போயிருந்தால் இன்னும் விசேஷம். அந்த எத்தியோப்பியாக்காரர் பதிலுக்கு என்ன பாட்டுப் போட்டார்? எழுதவில்லை. நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். கேட்டிருந்தால் ஒருவேளை ஒரு திசீத்தா போட்டிருப்பார். ஏக்கமும் பழைய நினைவுமாகப் போகிற பாட்டு வகை அது, அதே பெயரில் ஒரு ஸ்வர வரிசையும் அவர்களிடம் உண்டு. அதன் ஒரு வடிவத்தில் வருகிற ஐந்து ஸ்வரங்களும் நம்முடைய மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களேதான். ஆனால் போட்டுக் கேளுங்கள், மோகனமாக இருக்காது. எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறார்கள், எதை உருட்டுகிறார்கள், குரல் எங்கே நடுங்குகிறது, எல்லாமே வேறு. முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. பல தடவை கேட்டால், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், ஏதோ பிடிபடும். இசைக்கு மொழி வேண்டாம் என்பது கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறவர்களின் வசனம், அம்மா.

நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த காலத்தில் அறை நண்பர் ஒருவர் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியை கேசட்டில் போடுவார். எனக்கு அது நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கல்யாண மண்டபமாகத்தான் கேட்டது. அவர் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். செல்லோ நுழையும்போது ஒரு விரலைத் தூக்குவார், ஓபோ வந்தால் இன்னொரு விரல், அவ்வளவுதான். மாதக்கணக்கில் அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் என் காது திறந்தது. நாலாவது பகுதியில் புயல் வரப்போவது ஒருநாள் அவர் விரலுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, டீ குடிக்கப் போனோம். அவருக்கும் எனக்கும் உறவு உண்டானது அங்கேதான் என்பேன், பீத்தோவன் அதற்கு ஒரு சாக்கு.

சரி, வயலின். இருநூறு வருஷம் முன்னால் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. மணலி முதலியார் வீட்டு ஆதரவில் இருந்த தீட்சிதர் சகோதரர்கள் அதைக் கேட்கிறார்கள். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், போடுகிறார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரண ராகத்தில். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற கீதத்தின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாளைப் போய்ச் சேர்ந்தது. இதைக் கேட்டு எல்லாரும் சிரித்து ரசிப்பார்கள், ரசிக்கலாம்தான். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தம்பி செய்த காரியம். 1786இல் பிறந்த பாலுசுவாமி, முதலியார் செய்துகொடுத்த ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பிய வயலின்காரரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். மூன்று வருஷம் என்று சொல்வார்கள். கர்நாடக சங்கீதமே ரத்தமாக ஓடுகிற குடும்பத்துப் பிள்ளை, கோட்டையில் பிழைக்க வந்த ஒரு வாத்தியக்காரரிடம் வில்லை எப்படிப் பிடிப்பது என்று முதலிலிருந்து கற்றுக்கொள்கிறார்! அதன் பிறகு அந்த வாத்தியம் இங்கே அப்படியே இருக்கவில்லை. நின்றுகொண்டு தாடைக்குக் கீழே பிடித்து வாசித்ததைத் தரையில் சம்மணமிட்டு, அதன் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஊன்றிவிட்டால் இடது கை வயலினைத் தாங்கவேண்டிய வேலையில்லை, தந்தியின் மேல் இஷ்டத்துக்கு வழுக்கிப் போய்வரலாம், ஸ்வரத்தை அசைத்து உருட்டுகிற கமகம் வரும். நாலு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்தார்கள். தஞ்சை நால்வர் என்ற இசை, நடனச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனைக்குக் கொண்டுபோக, அங்கே ராஜாவாக இருந்த சுவாதித் திருநாள் அவருக்கு யானைத் தந்தத்தில் ஒரு வயலின் பரிசளித்தார். இன்றைக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை யோசிக்க முடிகிறதா? கோட்டையிலிருந்து வெறுமனே கேட்டு வந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல மெட்டு கிடைத்திருக்கும், அவ்வளவே.

அதே ஐரோப்பாவிலிருந்து வந்த ஹார்மோனியத்தை 1940இலிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி உள்ளேயே விடவில்லை. கட்டையை அழுத்தினால் ஸ்வரம் அசையாமல் நிற்கிறது, கமகம் வராது என்றார்கள். இது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

உடுப்பிக் கதையையும் விட்டுவிடுங்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வாசலில் பாடக் கதவு திறந்தது என்றால் நமக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலை இழுத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கச்சேரி மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒரே ஊரில், ஒரே வாத்தியத்தைத் தொடுகிற இரண்டு பேரையே இசை இணைக்கவில்லை, அது எத்தியோப்பியாவையும் கொரியாவையும் இணைத்துவிட்டது என்கிறீர்கள்.

ஹிக்கின்ஸைக் கொண்டாட வேண்டுமானால் அவர் படித்த படிப்பைக் கொண்டாடுங்கள். மாசசூசெட்ஸில் பிறந்தவர், புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனிடம் பயிற்சி, சென்னைக்கே வந்து தங்கி தமிழ், தெலுங்கு சாகித்யங்களை நாக்குக்குப் பழக்கி, திருவையாற்றில் உட்கார்ந்து பாடினார். 1984இல் ஒரு கார் மோதிச் செத்துப்போனார், வயது நாற்பத்தைந்து. உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது, அவரும் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனும் 1971இல் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியது உங்கள் ஊர் யார்க் பல்கலைக்கழகத்தில்தான். உடுப்பி வரைக்கும் போயிருக்கிறீர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது கண்ணில் படவில்லை.

அப்புறம், மகள். குழம்ப மாட்டாள், பாட்டியிடம் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைதானே. ஒன்றை மட்டும் கவனியுங்கள், மேற்கத்திய வயலினுக்குச் சுருதி வேறு, ஒரே வயலினைத் தினமும் இறக்கி ஏற்றிச் சுருதி மாற்றினால் தந்திகள் தாங்காது, அவளுக்கும் எரிச்சல் வரும். முடிந்தால் இன்னொன்றை வாடகைக்கு எடுத்து ஸ-ப-ஸ-ப சேர்த்து வைத்துவிடுங்கள். மாமியாரைப் பள்ளி வயலின் சாதகத்துக்கும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கர்நாடகம் வாசிக்கும்போது மட்டும் வருவேன் என்றால் விடாதீர்கள்.