கோட்டை விழவில்லை, காகிதத்தில் போயிற்று: கேள்வி பதில்

(கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் வாசகர் வட்டத்தின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இம்முறை பொருள்: பழைய போர்களும் இன்றைய வெளியுறவும்.)

கேள்வி (கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்): நம் பக்கத்துப் போர்களில் இன்றைய வெளியுறவுக் கொள்கைக்கு உதவும் பாடம் ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் ஊரிலேயே உண்டு, அம்மா. 1767இல் காவேரிப்பட்டணம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கும் மைசூரை ஆண்ட ஹைதர் அலி கைக்குமாக மாறிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் கம்பெனியின் கூட்டாளி. சில மாதங்களில் ஹைதர் பக்கம் வந்தார். 1768இல் மசூலிப்பட்டணத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மறுபடியும் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தார். அவரைத் துரோகி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. நான் சொன்னதில்லை. அவர் தன் வீட்டுக் கணக்கைப் பார்த்தார்.

1769இல் ஹைதர் சென்னை வாசல்வரை வந்து நின்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அடுத்து மராத்தியர் படையெடுத்தபோது கம்பெனி அசையவே இல்லை. 1771இல் மேலுக்கோட்டை அருகே ஹைதரின் படை சிதறியது. அந்த மனக்கசப்பு ஆறவில்லை. 1779இல் பிரெஞ்சுக்காரரின் மாஹேயைக் கம்பெனி பிடித்ததும் சேர்ந்துகொண்டது. 1780இல் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகத்தில், அதாவது அன்று அப்பெயரில் வழங்கிய ஆற்காட்டு நவாபின் சீமையில், இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையே அழிந்தது. உதவாமல் இருந்து மிச்சம் பிடித்ததற்குக் கம்பெனி கட்டிய வட்டி அது.

நான் எப்போதும் சொல்வதுதான்: ஒப்பந்தத்தின் தலைப்பைப் படித்துவிட்டுக் கைதட்டாதீர்கள். ‘தாக்கப்பட்டால்’ என்ற சொல்லுக்கு யார் பொருள் சொல்வார்கள் என்று தேடுங்கள்.

கேள்வி (வழக்கறிஞர், ஓசூர்): மராத்தியருக்குத் தரவேண்டிய கப்பத்தை ஹைதர் பாக்கி வைத்திருந்தார். வம்பை விலைக்கு வாங்கியவருக்குத் தற்காப்பு ஷரத்து எப்படிப் பொருந்தும்?

பதில்: பாக்கி உண்மைதான், ஐயா. ஆனால் கம்பெனியின் கூட்டாளியான ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு ஹைதர் தேய்ந்தால் போதும் என்றிருந்தது. சென்னை அரசுக்கோ மராத்தியரோடு மோத மனமில்லை. வரக்கூடாது என்று தீர்மானித்த பிறகு கிடைத்த காரணம்தான் கப்பப் பாக்கி. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியின் ஒப்பந்தத்தில் 5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தாக்கப்பட்ட நாட்டுக்குத் ‘தேவை என்று தான் கருதும்’ நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்றுதான் இருக்கிறது. படை அனுப்பியே தீரவேண்டும் என்று இல்லை.

கேள்வி (கணக்கர், அரூர்): கிருஷ்ணகிரிக் கோட்டையிலிருந்து மைசூருக்குச் சுரங்கம் உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி (ஓசூர் வழக்கறிஞர், மீண்டும்): அப்படியானால் 1971 ஆகஸ்டில் சோவியத்துடன் நாம் போட்ட ஒப்பந்தம் மட்டும் எப்படி வேலை செய்தது?

பதில்: விடமாட்டீர்களே! அதன் 9ஆம் பிரிவும் உடனே கலந்தாலோசித்துத் தகுந்த நடவடிக்கை எடுப்போம் என்றுதான் சொல்கிறது; படை அனுப்புவோம் என்று இல்லை. டிசம்பரில் வங்கதேசப் போரின்போது ஐ.நா.வில் நமக்காகச் சோவியத் வீட்டோ வந்தது என்றால், அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தானின் பின்னால் நின்றது மாஸ்கோவுக்கும் பிடிக்கவில்லை. எதிர் உதாரணம் திப்பு. 1783இல் மங்களூரை முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் என்ற செய்தி வந்ததும் உடனிருந்த பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. அதற்குப் பிறகும் அவர் பாரிசுக்குத் தூது அனுப்பினார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி (மாங்கூழ் ஆலை உரிமையாளர், பர்கூர்): செங்கடல் பிரச்சினையில் கப்பல் கட்டணம் எப்போது இறங்கும்?

பதில்: உங்கள் சரக்கு முகவரைக் கேளுங்கள்.

கேள்வி (இளைஞர், பாலக்கோடு): சீனாவோடு பேசுவது 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லரிடம் பணிந்தது போலத்தானே?

பதில்: இதே கேள்வி இன்று நான்காவது. 1956இல் பிரிட்டிஷ் பிரதமர் ஈடனும் எகிப்து அதிபர் நாசரிடம் ஹிட்லர் காலத்துச் சாயலைத்தான் கண்டார். சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படை இறக்கினார். அமெரிக்கா நெருக்கியதும் திருப்பி அழைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் பதவியும் போயிற்று. எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள் தம்பி, யாரைப் போல என்று பிறகு பார்க்கலாம்.

கேள்வி (ஆசிரியை, ஊத்தங்கரை): மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போனால் எதைக் காட்டலாம்?

பதில்: காலையில் போங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை சுடும். மேலே சுனை ஓரத்தில் உட்காரவைத்து, கீழே நெடுஞ்சாலையில் எறும்பு போல ஊரும் லாரிகளைக் காட்டுங்கள். இந்தக் கணவாய்ப் பாதைக்காகத்தான் அத்தனை சண்டையும். 1791 நவம்பரில் கம்பெனியின் கர்னல் மேக்ஸ்வெல் கீழ்க்கோட்டைவரை வந்தார். மேலே ஏற முடியாமல் திரும்பினார். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகாலோடு (நம் வட்டாரத்தின் பழைய பெயர்) சேர்த்து இந்த மலையையும் திப்பு எழுதிக்கொடுத்தார். மேலே இருந்த காவல்காரன் தோற்கவே இல்லை. சுரங்கம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். கையோடு கீழே இறக்கிவிடுங்கள்.