கேள்வி - பதில்: ஏற்காட்டில் நடக்கலாம் வாங்க

ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்தே போய்வர நினைக்கிறோம். நாலு பேர், ஒருவருக்கு வயது 60. எப்போது கிளம்பலாம்?
- அஸ்தம்பட்டி வாசகர்

ஒரு வழிக்கு ஏழெட்டு கிலோமீட்டர். கோயில் மேடு 5,326 அடி. காலை ஆறரைக்கு ஏரியை விட்டால், நின்று நிதானமாக ஏறினாலும் ஒன்பதரைக்குள் மேலே இருக்கலாம். அதற்கு முதல் நாள் இரவே மலைக்கு வந்துவிடுவது நல்லது. விடிந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி இறங்கி, உடனே நடையைத் தொடங்கினால் பாதியிலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

முதல் பாதி காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக்கும், நல்ல நிழல். இங்கே வேகமாக ஏறிவிட்டுக் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். குறுக்கு வழி என்று தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். அது தனியார் நிலம், காட்டெருமையும் மேயும். எதிர்ப்பட்டால் கத்தாமல், கல்லெறியாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடக் கூடாது.

உச்சியில் மரம் இல்லை. பாக்சைட் என்னும் அலுமினியத் தாது படிந்த சிவப்புச் சமதளமும் புல்லும்தான். மழை காலங்காலமாகப் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் தங்கி உருவான சமதளம் அது. காற்றை மறைக்க ஒன்றும் கிடையாது. வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் நடுக்கும். மாற்று பனியன் ஒன்று பையில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். அந்த வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்பது நீங்கள்தான் என்பதால் 12 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ ஒதுங்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வயதானவர் கையில் ஒரு தடி. முழங்கால் வலி வருவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

லேடீஸ் சீட் பாறைகள் நாற்காலி போல இருக்கின்றனவே, செதுக்கியவையா?
- ஓமலூர் வாசகர்

இயற்கையானவை. இந்த மலை சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் உள்ள, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. அவற்றில் தண்ணீர் இறங்கி, மூலைகளை இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் அரிக்கும். அதனால் முனை முதலில் மழுங்கும். பிறகு வெங்காயத் தோல் மாதிரி பொறுக்குப் பொறுக்காக உரியும். உடைந்த துண்டைப் பாருங்கள்: வெளியே துருப்பழுப்பு, உள்ளே எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை. தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும் பொறுக்கின் மேல் கால் வைக்கவே கூடாது. அடியில் பிடிப்பு இருக்காது. ஈரத்தில் கறுத்துக் கிடக்கும் பாசியும் அப்படித்தான், எந்த ஷூவும் நிற்காது.

லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் நீர்த்தேக்கம் தெரியுமா?
- ஆத்தூர் வாசகர்

வானம் தெளிந்திருந்தால் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மூடுபனி கலைந்ததும் போங்கள். மேட்டூர் மேற்கே இருப்பதால் காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்; மாலையில் கண்ணைக் கூசும். கோயில் நடையோடு இதையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம், தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள்.