என் டாக்டரே தான் நடத்தும் மருந்து ஆய்வில் என்னைச் சேரச் சொல்கிறார். சேரலாமா? மறுத்தால் தப்பாக நினைப்பாரா?

மறுக்கலாம். மறுத்தாலும் இப்போது கிடைக்கும் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. ஒப்புதல் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். அந்தப் படிவத்தை நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை.

உங்களைப் போலத் தயங்குகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கொஞ்சமும் யோசிக்காதவர்களை நினைத்தால்தான் பயம். படிவத்தைக் கையில் கொடுத்ததுமே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "டாக்டர் சொன்னா சரிதான், எங்கே கையெழுத்துப் போடணும்மா?" என்பார்கள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

இத்தனை நாள் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து டாக்டர் மருந்து எழுதினார். ஆய்வுக்குள் வந்துவிட்டால் அந்த முடிவு பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. புது மருந்தா, வழக்கமான மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுப் பிரிக்கும். யாருக்கு எது போனது என்பது பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது (உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள வழி உண்டு). "எனக்குப் புது மருந்து வர்ற மாதிரி பார்த்துக்கங்க" என்று தனியாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய முடிந்தால் அது ஆய்வே இல்லை.

குலுக்கல் எதற்கு என்று கேட்பீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் இருக்க என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்ற மருந்துகளை டாக்டர்கள் நம்பிக் கொடுத்துவந்தார்கள். இசிஜியில் துடிப்பு சீராகத்தான் தெரிந்தது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வை 1989-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மாறாக, 2020-ல் கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கலாமா கூடாதா என்று டாக்டர்களே இரண்டுபட்டு நின்றார்கள். குலுக்கல் முறையில் சோதித்ததில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழைய, விலை மலிந்த மருந்து அது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் சம்மதித்ததால்தான் இது நமக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதனால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "இந்த ரெண்டுல எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா?" தெரியாது, அதனால்தான் ஆய்வு என்று அவர் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "புது மருந்து கண்டிப்பா கேட்கும்" என்று சத்தியம் செய்தால் நானாக இருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். முதல் கட்ட ஆய்வு என்றால் இன்னும் நிதானமாக யோசியுங்கள். எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை.

பக்கவிளைவு வந்தால் யார் செலவு, ஆய்வு முடிந்தபிறகும் மருந்து கிடைக்குமா, டாக்டருக்கு இதற்காகப் பணம் வருகிறதா என்பதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். நீங்கள் சாப்பிடும் நாட்டு மருந்து உட்பட எதையும் மறைக்க வேண்டாம்.

சேர்ந்தபிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் விலகலாம். மனிதர்கள்மேல் நடத்தும் ஆய்வுகளுக்காக 1947-ல் வந்த நியூரம்பெர்க் விதிகளிலேயே அந்த உரிமை இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.